புளி போட்டுத் தேய்த்த கடிகாரம்

துபாயில் நான் என்ன வேலை பார்த்தேன் என்பதை ஊரில் ஒருவருக்கும் விளக்கி ஜெயித்ததில்லை. கடிகாரக் கடை என்றால், "ரிப்பேரா?" என்பார்கள். இல்லை. "அப்ப சேல்ஸா?" அதுவும் முழுசாக இல்லை. சாவி கொடுக்கிற வேலை. சனிக்கிழமை காலை கடை திறந்ததும் வெள்ளைப் பருத்திக் கையுறையை மாட்டிக்கொண்டு, ஐம்பதுக்கும் மேற்பட்ட கடிகாரங்களுக்கு ஒவ்வொன்றாகச் சாவி கொடுத்துக்கொண்டே வருவேன். ஒவ்வொன்றுக்கும் தனிச் சாவி. ஒன்று பத்துச் சுற்றில் நிறையும், அடுத்தது பதினாலில். நிறைந்த பிறகு அரைச் சுற்று கூடப் போனால் உள்ளே சுருள்வில் அறுந்துவிடும். முடிக்கும்போது மத்தியானச் சாப்பாட்டு நேரமாகியிருக்கும். மற்ற நாட்களில் மெல்லிய தூரிகையால் தூசி தட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

எல்லாம் பிரான்சு தேசத்துப் பழைய கடிகாரங்கள். நேரம் பார்ப்பதற்காகச் செய்தவை என்று சொல்ல முடியாது, வேடிக்கை காட்டச் செய்தவை. கலங்கரை விளக்கம் ஒன்று இருந்தது, அதன் உச்சி மட்டும் ஓயாமல் சுற்றும். காற்றாலை ஒன்று. அலையில் ஆடுகிற கப்பல் ஒன்று. கூண்டுக்குள் ஒரு குருவி மணிக்கொரு தரம் வாயைத் திறந்து, வாலை ஆட்டிப் பாடும். ஒரு யானை, முதுகில் அம்பாரிக்குப் பதிலாகக் கடிகாரத்தைச் சுமந்து நின்றது. யானையையே பார்க்காத ஒருவன் செய்த யானை என்று காலைப் பார்த்தாலே தெரியும். முதலாளி லெபனான்காரர், நல்ல மனிதர். எல்லாக் கடிகாரமும் ஒரே சமயத்தில் மணி அடித்தால் வாடிக்கையாளருக்குத் தலைவலி வரும் என்று ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு நேரத்தை வைக்கச் சொல்வார். ஐம்பது கடிகாரம் இருந்தும் அந்தக் கடையில் மணி என்ன என்று யாருக்கும் தெரியாது. தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் நான் என் கையில் கட்டியிருந்த மலிவு வாட்சைத்தான் பார்த்துக்கொள்வேன்.

அங்கே போவதற்கு முன்னால் நாகூரில் எனக்குச் சொந்தமாக ஒரு ஃபாரின் சாமான் கடை இருந்தது. சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருகிறவர்கள் பெட்டியில் கொண்டுவரும் சென்ட், தைலம், கைலி, கேசட், கைக்கடிகாரம். தர்காவில் கந்தூரித் திருவிழாவுக்கு வருகிற கூட்டம் எதையாவது வாங்காமல் போகாது. தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பங்கள்கூடக் கல்யாணத்துக்கு முன்னால் வந்து வாங்கிப் போவார்கள். தொண்ணூறுகளில் நாட்டின் கதவைத் திறந்துவிட்டார்கள். யார் திறந்தது, எதற்குத் திறந்தது என்று பத்திரிகையில் பக்கம் பக்கமாக எழுதினார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம், கும்பகோணத்தில் பெட்டிக்கடைக்காரர்கூட அதே சென்ட்டை வாசலில் தொங்கவிட்டிருந்தார் என்பதுதான். வெளிநாட்டுச் சாமான் உள்ளூருக்கு வந்துவிட்டது, அதனால் உள்ளூர்க்காரன் வெளிநாட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. நான் கிளம்பியபோது என் மகளுக்கு ஒரு வயது.

இரண்டு வருடம் கழித்து முதல் விடுமுறையில் வந்தேன். மகள் என்னைப் பார்த்ததும் அவள் உம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள். இரண்டு மாத விடுமுறையில் ஒன்றரை மாதம் அவளைப் பழக்குவதிலேயே போயிற்று. மடியில் வந்து உட்காரத் தொடங்கிய வாரத்தில் எனக்குத் திரும்பிப் போக டிக்கெட். அன்று நினைத்துக்கொண்டேன், இன்னொரு தடவை இவளிடம் புது ஆளாக வந்து நிற்கக் கூடாது, எப்படியாவது ஊரோடு தங்கிவிட வேண்டும் என்று.

அந்த விடுமுறையில்தான் கடிகாரத்தைப் பார்த்தேன். எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் கல்யாணமானால் பெண் மாமியார் வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான். வீடு பெண்ணுக்கு எழுதியதாக இருக்கும். நான் படுத்த கட்டில், சாப்பிட்ட தட்டு எல்லாம் மனைவியின் உம்மா வழிச் சொத்து. மற்ற ஊரில் இதை வீட்டோடு மாப்பிள்ளை என்று கேலி செய்வார்கள். எங்கள் தெருவில் எல்லாருமே அப்படித்தான் என்பதால் கேலி செய்ய ஆளில்லை. அடுத்தவர் வீட்டுச் சாமானைத் துழாவக் கூடாது என்ற கூச்சத்தில் மாடி அறைப் பக்கம் நான் அதிகம் போனதில்லை. அங்கே ஒரு அலமாரி மேல் வெள்ளைத் துணி போர்த்திய ஒன்று இருந்தது. தையல் மெஷின் என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் பாய் எடுக்கப் போனவன் துணியைத் தூக்கிப் பார்த்தேன்.

இரண்டு தூண்கள். மேலே வெள்ளை எனாமல் முகப்பு, ரோமன் எண்கள், அடியில் பொடி எழுத்தில் பாரிஸ். இரண்டு தூணுக்கும் நடுவில் ஓர் ஊஞ்சல், அதில் பாவாடை விரிய ஒரு பெண். அந்தப் பெண்ணும் ஊஞ்சலும்தான் கடிகாரத்தின் பெண்டுலம். எங்கள் கடையில் இதற்கு அக்கா முறையில் ஒன்று இருந்தது, கொஞ்சம் பெரியது. அதன் விலை எனக்குத் தெரியும். இது உப்புக்காற்றிலும் சாம்பிராணிப் புகையிலும் கறுத்துப் புகையிலை நிறத்தில் இருந்தது. ஆனால் கறுப்புக்கு அடியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? வெண்கலத்தின் மேல் தங்க முலாம். தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்துப் பூசி, நெருப்பில் காட்டிப் பாதரசத்தைப் புகையாக்கி ஓட்டுவார்களாம். அந்தப் புகையைச் சுவாசித்தே பூசியவர்கள் சீக்கிரம் செத்துப்போனார்கள் என்று முதலாளி சொல்வார். அப்படி உயிரைக் கொடுத்து ஒட்டவைத்த தங்கம், வெங்காயத் தோல் கனம்கூட இருக்காது.

பெண்ணின் தோளில் ஒரு துண்டு வெள்ளைத் துணி போர்த்தித் தைத்திருந்தது. அதுதான் எனக்குப் புரியவில்லை. கீழே வந்து மாமியிடம், அதாவது மனைவியின் உம்மாவிடம் கேட்டேன்.

"அது எங்க வாப்பா சைகோன்லேர்ந்து கப்பல்ல அனுப்புனாங்க மாப்ள. அங்க ஒரு பிரெஞ்சு தொரை வூட்டு ஏலத்துல எடுத்தாங்களாம். ஊருக்கு வந்தப்புறம் அவுங்க மட்டுந்தான் சாவி குடுப்பாங்க. வேற யாரும் தொடக் கூடாது. அவுங்க மவுத்தானதுக்கு அப்புறம் நான் மூடி வெச்சிட்டேன். உருவம் பாருங்க, அது முன்னால இருந்தா வூட்ல தொழுவ முடியாதுல்ல."

"அந்தத் துணி?"

"தோள் தெரியுதே. நான்தான் துப்பட்டி தெச்சுப் போட்டேன். அப்ப எனக்குக் கல்யாணம்கூட ஆகல."

சாவி அவருடைய வெற்றிலைப் பெட்டியில் இருந்தது. எடுத்துக் கொடுத்தார். எல்லாரும் மாடிக்குப் போனோம், கடிகாரத்தை அங்கிருந்த மேசைக்கு இறக்கினேன். நாலு சுற்றுத்தான் கொடுத்தேன், பயத்தில். ஊஞ்சலை விரலால் மெல்லத் தள்ளிவிட்டேன். அது முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருந்தது. மகள் மேசை விளிம்பில் மோவாயை வைத்து அசையாமல் பார்த்தாள். மணி ஒரு தடவை அடித்தபோது மாமி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். பிறகு, சைகோன் ஏலத்தில் வாப்பாவுக்கு எதிராக ஒரு சீனாக்காரர் எப்படிக் கேட்டார், கடைசியில் எப்படிப் பின்வாங்கினார் என்ற கதையை முழுவதும் சொன்னார். வீட்டுக்கு வருகிற எல்லாருக்கும் அவர் சொல்கிற கதை அது என்று மனைவி கண்ணைச் சிமிட்டினாள்.

போட்டோ எடுத்துக்கொண்டு துபாய் போனேன். முதலாளி பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, தேசத்தை விட்டுப் பழம்பொருளை வெளியே கொண்டுவருவது சட்டப்படி தப்பு, பாண்டிச்சேரியில் ஒரு வியாபாரி இருக்கிறார், பழைய பிரெஞ்சு வீடுகளை ஓட்டலாக மாற்றுகிறவர்களுக்கு வாங்கிக் கொடுக்கிறார், அவருக்கு எழுது என்று முகவரி கொடுத்தார். எழுதினேன். நேரில் பார்த்து, போட்டோவில் உள்ளபடி இருந்தால் தருவதாக அவர் எழுதிய விலையில் நாகூரில் ஒரு கடை வைத்துவிடலாம். எஸ்.டி.டி. பூத், பக்கத்திலேயே ஜெராக்ஸ். இடம்கூட மனசுக்குள் பார்த்துவிட்டேன்.

விற்பதற்கு நான் யார்? கடிகாரம் அந்த வீட்டுப் பெண்களுடையது. அப்போதெல்லாம் நாங்கள் கடிதத்தைவிடக் கேசட்டில்தான் பேசிக்கொள்வோம். ஊருக்குப் போகிறவர் யாரிடமாவது கொடுத்தனுப்பினால், வீட்டில் டேப் ரிக்கார்டரைச் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். தயங்கித் தயங்கி விஷயத்தைப் பேசி அனுப்பினேன். பதில் கேசட்டில் மனைவி ஒரே வரியில் முடித்துவிட்டாள். "அத வித்தா நீங்க இங்கயே இருக்கலாம்னா, நாளைக்கே வித்துடுங்க மச்சான்."

அதற்குப் பிறகு மாமியின் குரல். "எங்க வாப்பா சைகோன்ல இருந்தப்ப எங்க உம்மா இந்த வூட்ல தனியாதான் இருந்துச்சு. கடிகாரம் வந்துச்சு, அதுக்கப்புறமும் அஞ்சு வருசம் மனுசன் வரல. உம்மா அதப் பாத்துக்கிட்டேதான் உக்காந்திருக்கும். பொருளு போவட்டும் மாப்ள. நீங்க வந்து புள்ளையோட இருங்க."

அந்தக் கேசட்டை நான் எத்தனை தடவை கேட்டேன் என்று சொன்னால் சிரிப்பார்கள்.

முதலாளியிடம் போய்விடுவதாகச் சொன்னேன். விசாவை ரத்து செய்யவில்லை, ஆறு மாதத்துக்குள் மனம் மாறினால் வா என்றார். மாறாது என்றேன். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்னால் கடைசிக் கேசட் ஒன்று பேசி அனுப்பினேன். அறுபது நிமிடக் கேசட், இரண்டு பக்கமும் நிறைய. பாண்டிச்சேரிக்காரர் நான் வந்த மூன்றாம் நாள் வந்து பார்ப்பார். கடிகாரத்தை மாடியிலிருந்து இறக்கும்போது இரண்டு பேர் பிடிக்க வேண்டும். தூணைப் பிடித்துத் தூக்காதே, அடியில் கை கொடு. ஊஞ்சலைக் கழற்றித் தனியாகத் துணியில் சுற்று. சாவி கொடுக்காதே. பிள்ளை பக்கத்தில் போகாமல் பார்த்துக்கொள். இப்படி எறும்பு ஊர்கிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னேன். சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் சொல்லவில்லை. மூன்றரை வருடம் கையுறை இல்லாமல் அந்தக் கடிகாரங்களைத் தொடாதவனுக்கு அது சொல்ல வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை. சோறு தின்கிறவனிடம் வாயைத் திற என்றா சொல்வார்கள்?

திருச்சியில் இறங்கி வேன் பிடித்தேன். பாபநாசம் தாண்டும்போது குறுவை அறுப்பு நடந்துகொண்டிருந்தது, சாலையிலேயே நெல்லைக் காயப்போட்டிருந்தார்கள். வேன்காரர் கும்பகோணத்தில் காப்பிக்கு நிறுத்தினார். நான் இனி அவசரப்பட வேண்டியதில்லை என்று இரண்டாவது காப்பியும் குடித்தேன். என் வாழ்க்கையில் நான் முழுச் சந்தோஷமாக இருந்த காலைப்பொழுது எது என்று கேட்டால் அந்தக் காப்பிக் கடையைத்தான் சொல்வேன்.

வாசல்படி ஏறியதும் நடுக்கூடத்து மேசை மேல் அது இருந்தது. வெயில் பட்டுத் தகதகவென்று மின்னியது. புதுப் பித்தளைக் குடம் மாதிரி மஞ்சளாக.

மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "எப்புடி இருக்கு?"

பெட்டியைக் கீழே வைத்தேன்.

"ரெண்டு நாளாச்சு மச்சான். கறுப்பு போகவே மாட்டேன்னுச்சு. புளிய ஊற வெச்சு, செங்கல் தூள் போட்டு, தேங்காநாரால தேய் தேய்னு தேச்சேன். பாவாட மடிப்புக்குள்ளதான் கை போகல. பாக்க வர்றவர் முன்னாடி அழுக்கா வெச்சா நம்மளப் பத்தி என்ன நெனப்பாரு?" விரல் நுனியெல்லாம் சிவந்து, நகக்கண் வெடித்திருந்தது. அதைப் பெருமையாகக் காட்டினாள்.

அவளை எப்படிக் குறை சொல்வது? இந்தக் காவிரிக் கரைப் பக்கத்தில் எந்த மதத்து வீடாக இருந்தாலும் விருந்தாளி வருகிறார் என்றால் பித்தளைப் பாத்திரம் முழுக்கத் தேய்த்தாக வேண்டும். இந்து வீட்டில் குத்துவிளக்கு, எங்கள் வீட்டில் பன்னீர்ச் செம்பும் தாம்பாளமும் வெற்றிலை துப்புகிற படிக்கமும். பாத்திரம் கறுத்திருந்தால் வீட்டுக்காரி சோம்பேறி என்று ஊர் பேசும். பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது செம்பைத்தான் என்று என் உம்மாவே சொல்லும். அந்தக் கையில் மூன்று தலைமுறைக் கறுப்போடு ஒரு மஞ்சள் உலோகத்தைக் கொடுத்துவிட்டு, அறுபது நிமிடம் பேசி, தேய்க்காதே என்ற ஒரு வார்த்தையைச் சொல்லாமல் விட்டவன் நான்.

பக்கத்தில் போய்ப் பார்த்தேன். கன்னத்தில், முழங்காலில், தூண் விளிம்பில் எங்கும் தங்கம் இல்லை. மடிப்பின் பள்ளத்தில் மட்டும் ஒரு கோடு, மங்கிய நிறத்தில், மீதி இருந்தது. உள்ளே தண்ணீர் போயிருந்தது. தோள் துணியையும் எடுத்துத் துவைத்து மறுபடி போட்டிருந்தாள்.

"நல்லா இருக்கு. பளபளன்னு இருக்கு" என்றேன்.

பாண்டிச்சேரிக்காரர் சொன்ன நாளில் வந்தார். பெண்கள் உள்ளே திரைக்குப் பின்னால் இருந்தார்கள். அவர் கடிகாரத்தைப் பார்த்ததும் பையிலிருந்து எடுத்த பூதக்கண்ணாடியைத் திரும்பப் பைக்குள் போட்டுவிட்டார். பிறகு ஏதோ நினைத்து மறுபடி எடுத்து, மரியாதைக்காக ஒரு சுற்றுப் பார்த்தார்.

குரலைத் தாழ்த்தி, "யாருங்க தேச்சது?" என்றார்.

"வேலைக்காரம்மா."

"அருமையான சரக்குங்க. போட்டோவப் பாத்து நான் ரெண்டு ராத்திரி தூங்கல. இப்ப தங்கம் போயிடுச்சு, உள்ள இரும்பெல்லாம் துரு. இனிமே இது பித்தளை வெலைதாங்க." மனைவி சுட்டு அனுப்பிய வாடாவை, எங்கள் ஊர் இறால் வடையை, சாப்பிட்டார், நன்றாயிருக்கிறது என்று இன்னொன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், போய்விட்டார். அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

திரையை விலக்கிக்கொண்டு மனைவி வந்தாள். "என்ன சொன்னாரு? எப்ப எடுத்துக்கிறாராம்?"

அந்த நிமிடத்தில் எனக்கு இரண்டே வழி. உன் கையால்தான் போயிற்று என்று சொல்வது, அல்லது பொய் சொல்வது. அவள் விரல் நுனியைப் பார்த்தேன். பொய் சொன்னேன். "போலியாம். பிரெஞ்சு கடிகாரம் மாதிரி பின்னால செஞ்சு விட்டதாம். வெலையே இல்லேங்கிறாரு."

அவள் "அப்படியா" என்று மேசையில் கையை ஊன்றிக்கொண்டாள். ஏமாற்றத்தைத் தாங்கிக்கொள்வாள் என்று எனக்குத் தெரியும். அவள் தாங்கிக்கொண்டாள். ஆனால் திரைக்குப் பின்னால் மாமி இருந்ததை நான் யோசிக்கவில்லை.

"அப்ப எங்க வாப்பாவ ஏமாத்திட்டாங்களா?" உள்ளிருந்தே கேட்டார். என்னிடம் கேட்ட மாதிரி இல்லை.

ஒன்றைக் காப்பாற்றப் போய் இன்னொன்றை உடைத்துவிட்டேன். அன்று வாயைத் திறந்திருக்கலாம். திறந்தால் மனைவி தலையில் விழும். நாளை சொல்லலாம், மறுநாள் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். நாளாக ஆகப் பொய்க்கும் வயதாகிவிட்டது, அதற்கு மரியாதை வந்துவிட்டது. மாமி அதற்குப் பிறகு சைகோன் ஏலக் கதையை யாரிடமும் சொன்னதில்லை. மேலே கொண்டுபோய் மூடி வைக்கவும் இல்லை. "போலிக்கு எதுக்குப் போர்வை" என்றார். ஆகவே அது கூடத்துத் தாம்பாளங்களோடு சேர்ந்துகொண்டது. பெருநாளுக்குப் பெருநாள் மற்றப் பித்தளையோடு அதற்கும் புளி.

ஐந்தாம் மாதம் நான் துபாய்க்குத் திரும்பினேன். இன்னும் ஒரு வருடம்தான் என்றேன். பதினேழு வருடம் ஆயிற்று.

அந்தப் பதினேழு வருடத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சனிக்கிழமை சாவி கொடுத்தேன், மற்ற நாள் தூசி தட்டினேன். கேசட் போய் டெலிபோன் அட்டை வந்தது, அட்டை போய் செல்போன் வந்தது. மகள் பூப்பெய்தியதைப் போனில் கேட்டேன், பத்தாம் வகுப்பு மார்க்கைப் போனில் கேட்டேன். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அவள் ஸலாம் சொல்லி, டீ கொடுத்து, ஒரு விருந்தாளியிடம் காட்டுகிற மரியாதை அத்தனையும் காட்டினாள். மாமி மவுத்தான செய்தி ஒரு சனிக்கிழமை வந்தது. கலங்கரை விளக்கத்துக்குப் பாதி சாவி கொடுத்திருந்தேன். சமாதானத்துக்கு ஒன்று சொல்லிக்கொள்வேன்: அந்த எஸ்.டி.டி. பூத்தை வைத்திருந்தாலும் செல்போன் வந்து விழுங்கியிருக்கும். நியாயமான பேச்சுதான். ஆனால் செல்போன் வருவதற்குள் மகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வந்திருப்பேனே என்று தோன்றும்போது அந்தச் சமாதானம் எடுபடாது.

முதலாளிக்கு வயதாகிக் கடையை மூடியபோது எனக்கும் முழங்கால் போய்விட்டிருந்தது. ஊருக்கு வந்தேன். மகளுக்குக் கல்யாணமாகி, எங்கள் வழக்கப்படி அவள் மாப்பிள்ளை இந்த வீட்டுக்கு வந்திருந்தார். வந்தவர் மூன்றாம் மாதமே கத்தாருக்குப் போய்விட்டார்.

போன வருடம் ஒரு மத்தியானம். மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், நான் சாய்வு நாற்காலியில் இருந்தேன். மகள் செல்போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "உம்மா, இங்க பாருங்க, நம்ம வூட்டுக் கடிகாரம். அச்சு அசலா அதேதான். அதே பொண்ணு, அதே ஊஞ்சல். பாரிஸ்ல ஏலம் விட்டிருக்காங்க." பிறகு தானே தமிழ்ப்படுத்தி வாசித்துக்கொண்டு போனாள். வெண்கலம், தங்க முலாம், இன்ன காலம். "கீழ ஒரு குறிப்பு போட்டிருக்கான். இந்த மாதிரி கடிகாரத்துல புளிப்பு படவே கூடாதாம். எலுமிச்சங்கூட. தேச்சா தங்கம் போயிடுமாம், வெலையும் போயிடுமாம்." வாசித்துவிட்டு, "நம்மளுதுதான் போலியாச்சே" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

மனைவி கீரையை ஆய்வதை நிறுத்தவில்லை. அடுத்த கட்டைப் பிரித்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டாள். "அது போலி இல்ல, என்ன?"

"இல்ல."

"நான்தான்."

"நான் கேசட்ல சொல்லல. ஒரு மணி நேரம் பேசுனேன், அத மட்டும் சொல்லல."

"அதனாலதான் திரும்பிப் போனீங்க."

"விசா இருந்துச்சு, போனேன்."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். இத்தனை வருடத்தை நினைத்து என்னைத் திட்டுவாள், அல்லது தன்னையே திட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் கீரைத் தண்டை ஒரு பக்கம் ஒதுக்கி வைத்தாள். "எங்கிட்ட சொல்லாதது சரி. உம்மாகிட்டயாவது சொல்லியிருக்கலாம். அவுங்க வாப்பா ஏமாந்தவர்னு நெனச்சிக்கிட்டே மண்ணுக்குப் போச்சு."

அன்றைக்கு அவள் எனக்குச் சோறு போட்டாள், மறுநாளும் போட்டாள், பேச்சு மட்டும் ஒரு வாரத்துக்கு உப்பு, காரம் அளவில்தான் இருந்தது.

பிறகு பெருநாள் வந்தது. கொல்லைக் குழாயடியில் தாம்பாளங்களையும் செம்புகளையும் பரப்பி, புளியைக் கரைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கூடத்தில் கடிகாரம் மட்டும் மேசை மேலேயே இருந்தது. போன பெருநாளுக்குத் தேய்த்தது, மழையும் உப்புக்காற்றும் பட்டு மறுபடி கறுத்திருந்தது. அவள் அதன் பக்கம் திரும்பவில்லை. அதைத் தாண்டிப் போய்த்தான் ஒவ்வொரு பாத்திரமாக எடுத்து வந்தாள். மூன்று தடவை பார்த்தேன். எனக்குத் தாங்கவில்லை.

கடிகாரத்தை அடியில் கை கொடுத்துத் தூக்கினேன். முழங்கால் வலிக்க வலிக்கக் கொல்லைக்குக் கொண்டுபோய், அவள் பக்கத்தில் ஒரு மணையைப் போட்டு உட்கார்ந்தேன். தோள் துணியை அவிழ்த்து வைத்துவிட்டு, அவள் கிண்ணத்திலிருந்தே ஒரு பிடி புளியை எடுத்துத் தூணில் போட்டேன். இருபது வருடத்துக்கு மேல் கையுறை போட்ட கைக்கு அது ஒரு மாதிரி சில்லென்று இருந்தது.

"என்ன பண்றீங்க? விடுங்க."

"பெருநாளும் அதுவுமா இது மட்டும் ஏன் கறுப்பா இருக்கணும்?"

அவள் கையிலிருந்த செம்பைக் கீழே வைத்தாள். நான் தேய்ப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். தூண், முகப்பு விளிம்பு, கை, முழங்கால் என்று வந்து பாவாடையில் நாரை வைத்தபோது, ஈரக் கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அந்த மடிப்புல இன்னும் கொஞ்சம் இருக்கு. அத விட்டுடுங்க மச்சான்."

அதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் தேய்த்தேன்.